பன்னின் ருசியும் சம்பளக் கணக்கும்: திருச்சியில் ஒரு பேக்கரி

திருச்சியில் அருட்சகோதரிகள் நடத்தும் ஒரு சிறிய பேக்கரிக்கு மூன்று மாதமாக வாரம் ஒருமுறையாவது போய்வருகிறேன். அங்கே வேலை செய்யும் ஒன்பது பேரில் ஆறு பேர் மாற்றுத்திறனாளிகள். ஆனால் இரக்கப்பட்டு அங்கே வாங்க வேண்டியதில்லை. தேங்காய் பன் மறுநாள் காலையிலும் மெத்தென்று இருக்கிறது. பூரணமும் தாராளம், திகட்டுவதில்லை. ரஸ்க் மட்டும் சில நாள் ஓரம் கருகியிருக்கிறது.

கல்லாவில் இருப்பவருக்குக் காது கேட்காது. பண்டங்களுக்கு எண் ஒட்டியிருப்பதால், எண்ணைக் காட்டி எத்தனை வேண்டும் என்று விரலால் சொன்னால் போதும். பிஸ்கட் நிறுக்கும் இளைஞர் அறிவுசார் குறைபாடு உள்ளவர். கிராம் கணக்கு அவருக்குப் பிடிபடாது. அதனால் பழைய தட்டுத் தராசில் ஒரு பக்கம் கால் கிலோ படிக்கல்லை வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். முள் நடுவில் நிற்கும்வரை அவர் ஒவ்வொரு பிஸ்கட்டாக அடுக்குகிறார். வீட்டில் நிறுத்துப் பார்த்தேன், ஒருமுறைகூடக் குறையவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் அன்றைய தலைவரான திருத்தந்தை (போப்) இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ சுற்றுமடலின் 22ஆம் பகுதி, முழுத்திறன் உள்ளவர்களுக்கு மட்டுமே வேலையில் இடம் கொடுப்பது மனிதத்தன்மைக்கே ஒவ்வாதது என்றும், மாற்றுத்திறனாளிகளின் நியாயமான ஊதியம், பதவி உயர்வு, தடைகளை அகற்றுதல் ஆகியவற்றில் அக்கறை வேண்டும் என்றும் கூறுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் குறைந்தது 4 சதவீதத்தை ஒதுக்கச் சொல்கிறது. தனியார் கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனவே திருச்சபையின் கடையை அதன் சொந்தப் போதனையை வைத்தே அளக்க விரும்பி, சம்பளத்தைப் பற்றிக் கேட்டேன். ஒரே வேலைக்கு எல்லோருக்கும் ஒரே சம்பளம், மாதாமாதம் வங்கிக் கணக்கில் போடுகிறோம் என்றார் பொறுப்பாளர் சிஸ்டர். இது எனக்கு உண்மையிலேயே நிறைவளித்தது.

மேற்பார்வைப் பொறுப்பில் மாற்றுத்திறனாளி ஒருவரும் இல்லை என்பது குறைதான். வாசலில் இரண்டு படி இருக்கிறது, சாய்தளம் இல்லை. சக்கர நாற்காலியில் வந்த என் அக்கா தெருவிலேயே காத்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் நன்கொடை உண்டியல்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. உழைத்துச் சம்பளம் வாங்குகிறவரின் முன்னால் அது எதற்கு? எடுத்துவிடும்படி சிஸ்டரிடம் சொன்னேன், யோசிப்பதாகச் சொன்னார். சாய்தளத்துக்குக் கொத்தனாரிடம் பேசியாகிவிட்டதாம்.

மாலை 4 மணிக்குப் போனால் பன் சூடாகக் கிடைக்கும். ஞாயிறு விடுமுறை.