குச்சியா, விதையா, கன்றா? வழியில் கிடைக்கும் செடிகளில் எதை எடுக்கலாம்

வீட்டில் நாலு தொட்டி வைத்துவிட்டால் போதும், தெருவில் நேராகப் பார்த்து நடக்க முடியாது. மதில் மேல் தொங்கும் காகிதப்பூ, பேருந்து நிறுத்தத்தில் உதிர்ந்து கிடக்கும் கொன்றைக் காய், கீரைக்காரம்மா கொடுத்த கட்டின் அடித்தண்டு என்று எதைப் பார்த்தாலும் "இது பிடிக்குமா?" என்ற கேள்விதான் ஓடும். நர்சரியில் விலை கேட்டுத் திரும்பிய நாளில் இந்தக் கேள்வி இன்னும் பலமாக ஓடும்.

ஓசியில் கிடைப்பதை மூன்று விதமாக எடுக்கலாம். குச்சியாக ஒடிக்கலாம், விதையாகப் பொறுக்கலாம், தானாக முளைத்த கன்றை வேரோடு எடுக்கலாம். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் வீட்டில் குச்சி, தெருவில் விதை. கன்றைக் கூடுமானவரை விட்டுவிடுவேன். ஆனால் செடிக்குச் செடி கணக்கு மாறும்.

அதே செடிதான் வேண்டுமா?

குச்சியின் பெரிய பலம், வருவது தாய்ச் செடியேதான் என்பது. பூவின் நிறம், அடுக்கு, காயின் ருசி எதுவும் மாறாது. அடுக்குச் செம்பருத்தியும் காகிதப்பூவும் நம்மூரில் பெரும்பாலும் காய் பிடிப்பதே இல்லை. அவற்றில் விதை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கனகாம்பரத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சாதாரண ஆரஞ்சுக் கனகாம்பரத்தில் பூ உதிர்ந்த கதிர் காய்ந்ததும் உள்ளே விதை இருக்கும். காய்ந்த கதிர் மேல் தண்ணீர் பட்டால் பட் பட்டென்று வெடித்து விதை தெறித்துவிடும். மழை வருவதற்குள் கதிரை ஒடித்துக் காகிதப் பையில் போட்டு வாயை மடித்து வைத்தால், பைக்குள்ளேயே விதை கிடைத்துவிடும். ஆனால் பூக்கடையில் 'டெல்லி கனகாம்பரம்' என்று விற்கிற ரகத்தின் கதிரை என்னதான் சேர்த்து வைத்தாலும் பலன் இல்லை. குரோமோசோம் மூன்று மடங்காக அமைந்த ரகம் அது, முளைக்கிற விதை கட்டாது. குச்சி ஒன்றே வழி.

மணிபிளான்ட்டும் அந்த வகைதான். பசிபிக் பெருங்கடலில் தாஹித்தி பக்கத்தில் உள்ள மோரேயா என்ற சின்னத் தீவிலிருந்து கிளம்பி உலகம் முழுக்கத் தண்டு தண்டாகவே பரவிய கொடி அது. பூப்பது அபூர்வத்திலும் அபூர்வம். திருடி வைத்தால்தான் நன்றாக வளரும் என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்டு வாங்கி வைத்ததும் அதே வேகத்தில்தான் வளர்கிறது, கவலைப்படாமல் கேளுங்கள்.

விதைப் பக்கம் வருவோம். அவரை, தக்காளி, சங்குப்பூ எல்லாம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிப்பவை. நீலச் சங்குப்பூ விதை போட்டால் அநேகமாக நீலமே வரும். வேலியில் காய்ந்த காயை உடைத்து எடுத்து, ஓர் இரவு ஊறவைத்துப் போட்டால் முளைத்துவிடும். தக்காளியில் மட்டும் ஒரு சிக்கல். கடைத் தக்காளி பலதும் வீரிய ஒட்டு ரகம், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய ஹைப்ரிட். அதன் விதையில் வருகிற செடிகள் ஒன்று போல ஒன்று இருக்காது. நாட்டுத் தக்காளி என்று தெரிந்தால் தாராளமாக எடுக்கலாம்.

சுரை, பீர்க்கு விஷயத்தில் கொஞ்சம் உஷார் வேண்டும். ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. வண்டு எங்கிருந்து மகரந்தம் கொண்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது. வேலியில் முற்றிக் காய்ந்து தொங்கும் பீர்க்கங்காயைப் பார்த்திருப்பீர்கள். தொட்டால் சருகு போலிருக்கும், ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும், நுனியில் சின்ன மூடி கழன்றிருக்கும். தலைகீழாகத் தட்டினால் கறுப்பு விதைகள் கை நிறைய விழும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஆள் இல்லாத இடத்தில் தானாகப் படர்ந்திருந்தால் அது பேய்ப்பீர்க்காக இருக்க வாய்ப்பு அதிகம், வாயில் வைக்க முடியாத கசப்பு. சுரையிலும் கசப்பு வருவதுண்டு. கசப்புச் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிருக்கே ஆபத்தானவர்கள் இருக்கிறார்கள். இப்படி வந்த கொடியில் காய் பறித்தால், சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் காயோடு கொடியையும் எடுத்துவிடலாம்.

விதிவிலக்காக இரண்டு செடிகள். எலுமிச்சை விதையில் ஒன்றுக்கு மேல் கரு இருக்கும். அதில் பல, தாய் மரத்தின் அச்சு அசலாகவே வரும். ஆனால் காய்க்க வருடக் கணக்கில் பொறுக்க வேண்டும். அடுத்தது அடீனியம். அடி பருத்துப் பானை போல இருப்பதுதானே அதன் அழகு? குச்சியில் வைத்த செடிக்கு அந்த அடி அவ்வளவு நன்றாக அமையாது. அடி வேண்டுமென்றால் விதை, குறிப்பிட்ட பூ நிறம் வேண்டுமென்றால் குச்சி அல்லது ஒட்டு.

குச்சிதான் சீக்கிரமா?

பொதுவாக ஆமாம். ஆனால் முருங்கை அந்தக் கணக்கைப் புரட்டிப் போடும். பழைய வழக்கம் போத்து, அதாவது கனமான கிளைத் துண்டு நடுவது. கைப்பிடி கனத்தில், மூன்றடி நீளப் போத்தை வெட்டி நட்டு, மேல் நுனி காயாமல் இருக்கச் சாணி உருண்டை வைப்பார்கள். 1989-இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து பி.கே.எம்.1 என்ற முருங்கை ரகம் வந்த பிறகு விதை முருங்கை ஊரெல்லாம் பரவியது. விதைத்து ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கிவிடும். போத்து முருங்கை அதற்கு மேல்தான் நேரம் எடுக்கும். விதையில் வந்த மரத்துக்கு ஆணிவேர் இருப்பதால் காற்றுக்கும் கொஞ்சம் தாங்கும்.

அப்படியானால் போத்து எதற்கு? ருசிக்குத்தான். யாழ்ப்பாண முருங்கை, மூலனூர் முருங்கை என்று பேர் சொல்லிச் சாப்பிடுகிற மரங்கள் இருக்கின்றன. முருங்கை அயல் மகரந்தத்தில் காய்ப்பது, விதை போட்டால் அதே சதையும் அதே ருசியும் வரும் என்று சொல்ல முடியாது. சித்தி வீட்டு முருங்கை சாம்பாருக்கு மணக்கிறது என்றால் அந்த மரத்துப் போத்தையே கேளுங்கள். சும்மா கீரைக்கும் காய்க்கும் ஒரு மரம் வேண்டும் என்றால் விதை போதும்.

கொண்டு வருகிற பாடு

இதில் விதைக்குப் போட்டியே இல்லை. சட்டைப் பையில் போட்டு மறந்துவிட்டு, துவைக்கும்போது நினைவு வந்தாலும் பாதி முளைக்கும். காய்ந்த விதையை நிழலில் இன்னும் இரண்டு நாள் உலர்த்தி, அடுப்புச் சாம்பல் கலந்து மூடி வைத்தால் ஆடிப் பட்டம் வரை தாங்கும். பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். சுரையும் பீர்க்கும் பார்த்தாலே தெரியும். கத்தரியும் மிளகாயும் தக்காளியும் நாற்றாக எழும்வரை குழப்பும்.

குச்சிக்கு நேரம் ஓட ஆரம்பித்துவிடும். ஒடித்த உடனே இலைகளைக் கிள்ளிவிட வேண்டும், இலை இருக்கும்வரை குச்சியின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். நனைத்த செய்தித்தாளில் சுற்றி பிளாஸ்டிக் பைக்குள் வைத்தால் மாலை வரை பிரச்சினை இல்லை. ஊர்ப்பக்கம் என்றால் வாழை மட்டையில் சுற்றலாம், இன்னும் நல்லது. பென்சில் கனம், நாலைந்து கணு, இது போதும். அடிப்பக்கம் கணுவுக்குக் கீழே சாய்வாகவும் மேல்பக்கம் நேராகவும் வெட்டினால், வீட்டுக்கு வந்ததும் எது தலை எது கால் என்று முழிக்க வேண்டியதில்லை. தலைகீழாக நட்ட குச்சி அநேகமாகக் காய்ந்துதான் போகும்.

பால் வடிகிற செடிகளுக்கு முறை வேறு. ஈழத்தலரி, அடீனியம் குச்சிகளை உடனே நடக் கூடாது. வெட்டுவாய் காய்ந்து ஆறும்வரை சில நாள் நிழலில் போட்டு வைத்தால்தான் அழுகாமல் பிடிக்கும். அரளி ஒடித்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அது முழுக்க விஷம்.

நட்ட பிறகு ஒரு ஏமாற்று வேலை நடக்கும். பத்து நாளில் குச்சியில் துளிர் வரும். பிடித்துவிட்டது என்று வெயிலில் தூக்கி வைப்போம், இரண்டே நாளில் வாடிவிடும். துளிர் வந்தது குச்சிக்குள் சேமித்திருந்த சத்தில், வேர் இன்னும் விட்டிருக்காது. கற்றாழைச் சோறு, தேன், வேரூக்கிப் பொடி என்று ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. நிழலும் அளவான ஈரமும் ஆட்டாமல் விடுவதும்தான் மருந்து. ஐப்பசி மழையில் வைத்த குச்சிக்கும் சித்திரை வெயிலில் வைத்த குச்சிக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் பொடியும் ஈடுகட்டாது.

கூடவே வருகிறவை

குச்சியில் எனக்கு இருக்கும் ஒரே பயம் பூச்சி. செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சி ஒரே ஒரு குச்சியில் வந்தாலும் போதும், ஒரு மாதத்தில் மாடி முழுக்க ஏறிவிடும். இந்தியாவில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது கோயம்புத்தூரில், 2008-இல். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று ஒன்றையும் விடவில்லை. 2010-இல் அதைத் தின்னும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. மரவள்ளியில் தேமல் நோயும் அப்படித்தான், நோயுள்ள குச்சியை நட்டால் முளைக்கும்போதே இலை சுருங்கி மஞ்சள் திட்டோடு வரும்.

அதனால் ஒடிக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தையும் கணு இடுக்கையும் பாருங்கள். எறும்பு வரிசை மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தால் மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் மற்றத் தொட்டிகளோடு சேர்க்காமல் இரண்டு மூன்று வாரம் தள்ளி வையுங்கள். விதையிலும் நோய் வரலாம்தான், ஆனால் இந்த அளவுக்குக் கூட்டம் சேர்த்துக்கொண்டு வராது.

கன்று

வேரோடு கிடைக்கிறதே, இதுதானே சுலபம் என்று தோன்றும். பிடுங்கும்போது பாதி வேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மீதி வேரோடு அந்த இடத்து மண்ணில் வேரைத் தாக்கும் நூற்புழுவும் கோரைக் கிழங்கும் வரும். சாக்கடை ஓரத்துப் பப்பாளிக் கன்று பூக்கும்வரை ஆணா பெண்ணா என்றும் தெரியாது.

கறிவேப்பிலைக்கு மட்டும் நான் கட்சி மாறுவேன். குச்சியில் பிடிப்பது கஷ்டம். விதையும் காயவைத்துச் சேமிக்கிற விதை இல்லை, கறுத்த பழத்தின் தோலை நீக்கி அன்றைக்கோ மறுநாளோ போட்டுவிட வேண்டும். காய்ந்த விதை முளைக்காது. ஆனால் பெரிய மரத்தைச் சுற்றிப் பறவை போட்டதும் வேரிலிருந்து வெடித்ததுமாகக் கன்றுகள் நிற்கும். மழை பெய்த மறுநாள் அகலமாக மண்ணோடு தோண்டி எடுத்தால் பிழைத்துவிடும். மரத்துக்காரரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், அவருக்குக் களை எடுத்த மாதிரி.

கேட்டு எடுப்பது

விதை கீழே கிடப்பது, குச்சி செடியில் இருப்பது. தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தாலும் கிளை அந்த வீட்டுக்காரருடையது. "அக்கா, இந்தச் செம்பருத்தில ஒரு குச்சி ஒடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. கேட்பதில் இன்னொரு லாபமும் உண்டு. "இப்ப வேணாம் தம்பி, கவாத்து பண்ணும்போது தரேன், இப்ப வெச்சா பட்டுப்போயிடும்" என்று பதில் வரும். அந்தச் செடியைப் பத்து வருடமாக வளர்க்கிறவர் சொல்வது எந்த யூடியூபிலும் கிடைக்காது. கோயில் நந்தவனத்தில் பூ பறிக்கிறவரிடமும் இப்படியே கேட்கலாம்.

அரசுப் பூங்காக்களில் ஒடிக்கவே கூடாது. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் விதைகூட எடுக்கக் கூடாது, அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம். கொல்லிமலைக்குப் போனால் மரத்தில் ஒட்டியிருக்கும் ஆர்கிட் கண்ணை இழுக்கும், விட்டுவிடுங்கள், கீழே கொண்டு வந்தால் பிழைப்பதும் சந்தேகம். வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினரிடம் "ரெண்டு விதை பையில் போட்டுக்கிட்டு வா" என்று சொல்வதும் வேண்டாம். விதையோ செடியோ உள்ளே கொண்டுவர 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதியும் நோயில்லாச் சான்றும் வேண்டும்.

அழகாக இருக்கிறதே என்று எடுக்கக் கூடாத விதைகளும் உண்டு. முதுமலையில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் அயல்நாட்டு மஞ்சள் கொன்றை, ஒரு காலத்தில் அழகுக்கு வைத்த மரம். இப்போது காட்டை அடைத்துக்கொண்டு, வனத்துறை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது. சித்திரையில் சரம் சரமாகத் தொங்கும் நம்மூர்ச் சரக்கொன்றை வேறு. அதன் காய் நீளமான கறுப்புக் குழல், அதைத் தாராளமாகப் பொறுக்கலாம். விதையின் மேல்தோலை லேசாகத் தேய்த்துவிட்டு ஊறப்போடுங்கள், இல்லையென்றால் முளைக்க மாதக் கணக்காகும்.

இவ்வளவு சொன்னாலும் ஓசியில் தேடாத செடிகள் என்னிடமும் உண்டு. மா ஒட்டுக்கன்று, கொய்யாப் பதியன் இரண்டையும் காசு கொடுத்துத்தான் வாங்குவேன், விதை போட்டு வருடக் கணக்கில் காத்திருக்கப் பொறுமை இல்லை. மல்லிகையும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கொடியில் நல்ல குச்சி கிடைக்கும்தான். ஆனால் ராமேசுவரம் போகிற யாராவது இருந்தால் தங்கச்சிமடத்தில் குண்டுமல்லி நாற்று ஒரு கட்டு வாங்கி வரச் சொல்லிவிடுவேன். ஊர் ஊராக மல்லிகைத் தோட்டங்களுக்கு நாற்று போவதே அங்கிருந்துதான், வேர் பிடித்தே வரும்.