பால் சீஸா, தாவரச் சீஸா? எந்தச் சமையலுக்கு எது

தாவரச் சீஸ் வாங்க நினைப்பவர்கள் கடையில் முதலில் எடுப்பது தேங்காய் எண்ணெயில் செய்த ஸ்லைஸ் பாக்கெட்டைத்தான். பிரித்ததும் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து, "அய்யே, இதுவா?" என்று மூடி வைத்துவிடுவார்கள். பாவம், அந்த ஸ்லைஸ் சூடான ரொட்டிக்கு நடுவில் உருகுவதற்காகச் செய்தது. தனியாகச் சுவைக்கச் செய்ததல்ல.

பால் சீஸ் ஒரே பொருளாக இருந்துகொண்டு பல வேலை பார்க்கிறது. உருகும், நூலாக இழுபடும், உப்பும் உமாமி எனும் ஆழ்ந்த சுவையும் தரும், நாள்பட்டால் மணம் ஏறும், தட்டில் புரதத்தையும் சேர்க்கும். இத்தனையையும் ஒன்றாகச் செய்யும் தாவரப் பொருள் இன்றுவரை இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக ஒன்று இருக்கிறது. அதனால் மோட்சரெல்லாவுக்கு மாற்று எது, செடாருக்கு மாற்று எது என்று பெயர் சொல்லித் தேடாமல், என்ன சமைக்கப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

வித்தியாசம் கேசீனில் இருக்கிறது

பசும்பால் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன். பாலில் அது கால்சியம் பாஸ்பேட் பிடித்துவைத்த நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது மேற்பரப்பில் இருக்கும் கப்பா கேசீன். பாலை உறையவைக்கும் ரென்னெட் நொதி அதை வெட்டியதும் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வலையாகின்றன. கொழுப்பும் நீரும் அதற்குள் சிக்கிக்கொள்கின்றன. சூடேறினால் வலை தளர்ந்து வழியும், அதுதான் உருகல். தயிர்க்கட்டி புளித்து பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, இறங்க இறங்கப் புளிப்பு அதிகம்) 5.2 முதல் 5.4 வரை இறங்கும்போது கால்சியத்தில் ஒரு பகுதி கழன்றுவிடும். அந்த நிலையில் வெந்நீரில் இட்டுப் பிசைந்தால் புரதம் நாராக நீளும். மோட்சரெல்லாவின் இழுவை இப்படித்தான் வருகிறது.

பனீர் ஏன் உருகுவதில்லை என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. கொதிக்கும் பாலில் எலுமிச்சை விட்டுத் திரிப்பதால் கால்சியத்தில் கணிசமான பங்கு தண்ணீரோடு போய்விடுகிறது, மிஞ்சும் புரதம் இறுகிவிடுகிறது. முந்திரி, சோயா புரதங்களும் சூட்டில் வழிவதில்லை. அதனால் உருகும் தாவரச் சீஸ் செய்யும் நிறுவனங்கள் புரதத்தைக் கைவிட்டு ஸ்டார்ச்சையும் கொழுப்பையும் பிடித்துக்கொண்டன. அந்த ஸ்லைஸ்களில் புரதம் ஏறக்குறைய இல்லாததற்குக் காரணம் இதுதான்.

பீட்சா: பால் சீஸ் பக்கமே வெற்றி

ஈரம் குறைந்த மோட்சரெல்லா கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள். 10 அங்குல பீட்சாவுக்கு 100 கிராம் தாராளம். துருவியே விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். உருகல் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். தண்ணீரில் மிதக்கும் புது மோட்சரெல்லா என்றால் கிழித்து, வடிகட்டியில் குறைந்தது அரை மணி நேரம் போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் பீட்சாவின் நடுவில் குளம் கட்டும்.

தேங்காய் எண்ணெய்ச் சீஸின் துருவலை அதே பீட்சாவில் அதே அளவு போட்டால் ஏமாற்றம்தான். பழுப்புப் புள்ளி விழாது, ஏனென்றால் சூட்டில் சேர்ந்து சிவக்கப் புரதமோ பால் சர்க்கரையோ அதில் இல்லை. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே இளகிவிடும். ஓவனுக்குள் அது பிரிந்து ஓட, மிஞ்சிய ஸ்டார்ச் மேலே காய்ந்து துருவல் வடிவத்திலேயே நிற்கும். இதற்குச் சில வழிகள் உண்டு. அளவை 60, 70 கிராமாகக் குறையுங்கள். காய்களுக்கு மேலே போடாமல் கீழே போடுங்கள். ஓவனில் வைக்குமுன் தண்ணீரைக் கையால் லேசாகத் தெளியுங்கள். தவாவில் செய்தால் கடைசி இரண்டு நிமிடம் மூடி போடுங்கள். சூடாகச் சாப்பிடுங்கள். ஆறினால் பசை.

துருவலைவிட நல்லது, வீட்டில் காய்ச்சி ஊற்றும் முந்திரிக் கலவை. 100 கிராம் முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். 300 மில்லி தண்ணீர், மரவள்ளி ஸ்டார்ச் 30 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, வாசனையில்லாத எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு டீஸ்பூன் சேர்த்து மிக்ஸியில் திப்பியில்லாமல் அரையுங்கள். அடிகனமான பாத்திரத்தில், நடுத்தரத் தீயில், கை விடாமல் கிளறுங்கள். முதலில் கட்டி கட்டியாகத் திரிந்ததுபோல் வரும். பலர் பயந்து அடுப்பை அணைப்பது இங்கேதான். அணைத்தால் பச்சை மாவு வாடை போகாது. இன்னும் இரண்டு மூன்று நிமிடம் கிளறினால் கட்டிகள் சேர்ந்து, பளபளப்பாகி, கரண்டியைத் தூக்கினால் நூல் வரும். அதைக் கரண்டியால் பீட்சாவின் மேல் ஆங்காங்கே விட்டு ஓவனில் வையுங்கள். லேசாகச் சிவக்கவும் செய்யும், முந்திரியில் கொஞ்சம் புரதமும் சர்க்கரையும் இருப்பதால்.

மரவள்ளி ஸ்டார்ச்சுக்குப் பதில் சோளமாவு போட்டால் நூல் வராது. சோளமாவில் அமைலோஸ் என்ற ஸ்டார்ச் வகை அதிகம் என்பதால் ஆறும்போது புட்டிங் போல இறுகிவிடும். முழு மரவள்ளிக் கிழங்கைக் காயவைத்து அரைத்த மாவும் சரிப்படாது, அதில் நார் இருக்கிறது. சேலத்து ஜவ்வரிசியைப் பொடித்துப் போடலாமே என்று தோன்றும். அது ஏற்கெனவே பாதி வெந்து காய்ந்த பொருள், கலவை மணல் மணலாக நிற்கும்.

வீட்டில் கட்டியாக வெட்டும் பதத்துக்குச் சிலர் கடல்பாசி (அகர் அகர்) சேர்ப்பதுண்டு. 250 மில்லிக்கு 3 கிராம் பொடி போட்டுக் கொதிக்கவைத்தால் அழகாக உறையும். ஆனால் உறைந்த கடல்பாசி மறுபடி இளக 85 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் அந்தக் கட்டி ஆறிய சாண்ட்விச்சுக்கு மட்டுமே ஆகும். உருகவும் வேண்டுமென்றால் கப்பா காராஜீனன் என்ற உறையவைக்கும் பொடியை வாங்குங்கள், அது அதைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகும்.

டோஸ்ட், சாஸ்: இடைவெளி குறைவு

ஸ்லைஸ் வடிவப் பதப்படுத்திய சீஸோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் ஸ்லைஸ் அவ்வளவு மோசமில்லை. இரண்டுமே ஆலையில் கொழுப்பையும் நீரையும் கலந்து நிறுத்திவைத்த பண்டங்கள். வெங்காயம், பச்சை மிளகாய் வைத்த டோஸ்ட்டில் பலரால் வேறுபாடு சொல்ல முடியாது.

மக்ரோனி சாஸுக்குப் பால் சீஸ் பக்கம் ஒரு ரகசியம் உண்டு, சோடியம் சிட்ரேட் என்ற உப்பு. 100 மில்லி தண்ணீரில் 4 கிராம் கரைத்துச் சூடாக்கி, 100 கிராம் துருவிய செடாரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் எண்ணெய் பிரியாமல் வழவழவென்று வரும். தாவரப் பக்கம் உருளைக்கிழங்கு 200 கிராம், கேரட் 60, முந்திரி 40, நியூட்ரிஷனல் ஈஸ்ட் (சீஸ் சுவை தரும், உயிரற்ற ஈஸ்ட் செதில்) 3 மேசைக்கரண்டி, உப்பு, எலுமிச்சை. வேகவைத்து, வெந்த தண்ணீர் விட்டு அரைக்க வேண்டியதுதான். மசியலில் உருளை பசையானால் குற்றம், இங்கே அந்தப் பசைதான் தேவை.

நாள்பட்ட சீஸ்: போட்டியே இல்லை

பார்மிஜானோ ரெஜானோ குறைந்தது 12 மாதம் பழுக்க வேண்டும். 24, 36 மாதம் வைத்ததும் கிடைக்கும். சுமார் 40 கிலோ சக்கரம் ஒன்றுக்கு 500 லிட்டருக்கு மேல் பால் செலவாகிறது. அத்தனை மாதத்தில் புரதம் உடைந்து அமினோ அமிலங்களாகிறது. உமாமி தரும் குளுட்டமேட் ஏறுவது அதனால்தான், கடிக்கும்போது நறநறக்கும் வெள்ளைப் புள்ளிகளும் பெரும்பாலும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகங்கள். இதற்குக் கன்றுக்குட்டியின் ரென்னெட் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ஆகவே சைவர்களுக்கு இது ஆகாது. இந்தியாவில் பச்சைப் புள்ளியோடு வரும் சீஸ்களில் நுண்ணுயிர் வழி ரென்னெட்தான்.

பாஸ்தாவின் மேல் தூவ மட்டும் என்றால் ஒரு பொடி போதும்: முந்திரி 75 கிராம், நியூட்ரிஷனல் ஈஸ்ட் 4 மேசைக்கரண்டி, உப்பு முக்கால் டீஸ்பூன், பூண்டுப் பொடி கால் டீஸ்பூன். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள், தொடர்ந்து ஓடினால் எண்ணெய் கக்கி உருண்டையாகிவிடும். ஆனால் இந்தப் பொடியை ஒரு தட்டில் பேரிக்காயோடும் வால்நட்டோடும் வைத்துப் பரிமாற முடியாதே. சீஸை மட்டும் மெல்ல மென்று ரசிக்கும் இடத்தில் தாவரம் இன்னும் வெகுதூரம் பின்னால் நிற்கிறது.

வெள்ளைத் தோல் போர்த்த மெத்தென்ற பிரெஞ்சு சீஸான கமாம்பேர் வகையில் கதை கொஞ்சம் வேறு. அதன் வெள்ளைப் பூஞ்சை முந்திரிக் கட்டியின் மேலும் நன்றாகவே வளரும், காளான் மணமும் வரும். ஆனால் பால் சீஸில் பூஞ்சையின் நொதிகள் கேசீன் வலையைத் தோலிலிருந்து உள்நோக்கிக் கரைத்து, வெட்டினால் வழியும்படி செய்கின்றன. முந்திரியில் கரைய அப்படியொரு வலையே இல்லை. தோல் கிடைக்கும், வழிசல் கிடைக்காது. வீட்டில் செய்ய 10 முதல் 12 டிகிரியும் 90 சதவீத ஈரப்பதமும் வேண்டும். ஃப்ரிட்ஜ் அதற்கு மிகவும் குளிர், சென்னைச் சமையலறையோ வேறு பூஞ்சைகளின் ராஜ்யம்.

புளிக்கவைத்த முந்திரி: இங்கே தாவரம் சமமாக நிற்கிறது

க்ரீம் சீஸ், புது ஆட்டுப்பால் சீஸ் போன்ற தடவும் வகைக்கு முந்திரி உண்மையிலேயே ஈடு கொடுக்கும். இந்த வகைகளின் சுவையில் பெரும்பங்கு லாக்டிக் புளிப்பும் கொழுப்பும்தான், இரண்டுமே முந்திரியில் கிடைக்கும்.

முழுப் பருப்புக்குக் காசைக் கொட்ட வேண்டாம், இரண்டாக நான்காக உடைந்ததே போதும். 250 கிராமை ஃப்ரிட்ஜில் 6 மணி நேரம் ஊறவைத்து, கொதிக்கும் நீரில் 2 நிமிடம் போட்டு எடுங்கள். இந்த இரண்டு நிமிடத்தைத் தவிர்க்காதீர்கள். 2021இல் அமெரிக்காவில் முந்திரியில் செய்த பிரீ (Brie) வகைச் சீஸ் ஒன்றால் சால்மனெல்லா பரவியிருக்கிறது. கொதித்து ஆறிய தண்ணீர் 100 மில்லி, குளுக்கோஸ் அரை டீஸ்பூன், ப்ரோபயாடிக் கேப்சூல் இரண்டைப் பிரித்த பொடி ஆகியவற்றைச் சேர்த்து வெண்ணெய் போல அரையுங்கள். அரைக்கும்போது மிக்ஸி சூடானால் நிறுத்தி ஆறவிட்டு, கலவை வெதுவெதுப்புக்கு மேல் போகாத நிலையில் கேப்சூலைக் கடைசியாகச் சேருங்கள்.

கேப்சூல் வாங்கும்போது சீட்டைப் படியுங்கள். லாக்டோபேசிலஸ் இனங்கள் இருக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் தரும் பேசிலஸ் கிளாசி குப்பி புளிக்கவைக்காது, சாக்கரோமைசஸ் பூலார்டி என்பது ஈஸ்ட், அதுவும் ஆகாது. மிளகாய்க் காம்பு போட்டு உறையவைக்கும் வழியும் உண்டு. ஒரு நாள் நன்றாக வரும், மறுநாள் கசக்கும்.

சுத்தமான மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, மேலே கனமாக எதையாவது வையுங்கள். 30 டிகிரி வெக்கையில் 12 முதல் 18 மணி நேரம், மார்கழிக் குளிரில் 24 முதல் 36. பிஎச் தாள் இருந்தால் 4.6க்குக் கீழே இறங்கியதா பாருங்கள். பிறகு 6 கிராம் உப்பைப் பிசைந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். முன்பே உப்புப் போட்டால் புளிப்பு மந்தமாகும். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கறுப்புப் புள்ளி எது வந்தாலும் முழுவதையும் கொட்டிவிடுங்கள். கெட்டியான பால் சீஸில் பூஞ்சையைச் சுற்றி ஓர் அங்குலம் வெட்டியெறிந்து மீதியைச் சாப்பிடலாம், மெத்தென்ற எதிலும் அது கூடாது. நன்றாக வந்ததை 7 முதல் 10 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். இடித்த மிளகில் உருட்டி வைத்தால் அழகும் காரமும் சேரும்.

சாலட்டுக்கு ஃபெட்டா வேண்டுமென்றால் முந்திரியைவிட டோஃபு மேல். 200 கிராம் கெட்டி டோஃபுவை அரை மணி நேரம் அழுத்தி நீரிறக்கி, துண்டாக்கி, எலுமிச்சைச் சாறு 3 மேசைக்கரண்டி, வெள்ளை மிசோ (புளித்த சோயா விழுது) ஒன்று, உப்பு ஒரு டீஸ்பூன், ஆலிவ் எண்ணெய், ஓரிகனோவில் ஒரு நாள் ஊறவையுங்கள். ஃபெட்டாவும் உருகி ஓடும் சீஸ் அல்ல என்பதால் இங்கே டோஃபுவுக்கு அந்தக் குறையும் இல்லை.

உடம்புக்கு எது?

செடார் 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதமும் 700 மில்லிகிராம் கால்சியமும் உண்டு. தேங்காய் எண்ணெய் ஸ்லைஸில் கொழுப்பு 20 கிராமுக்கு மேல் போகும், அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. "தாவரம்" என்பதால் இதயத்துக்கு நல்லது என்று எண்ணி வாங்க வேண்டாம். புரதக் கணக்கில் நிற்பது டோஃபுவும் ஓரளவு முந்திரியும்தான்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பதற்காக மட்டும் மாறுபவர்கள் முதலில் நாள்பட்ட சீஸைக் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கலாம். பார்மிஜானோ, பழைய செடார் போன்றவற்றில் லாக்டோஸ் ஏறக்குறைய இருக்காது. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் கதை வேறு. எந்தப் பால் சீஸும் அவர்களுக்குக் கூடாது. நுண்ணுயிரை வைத்து ஆலையில் வளர்த்த வே புரதமும் (பால் திரிந்ததும் பிரியும் நீரில் இருக்கும் புரதம்) அதே புரதம்தான், பசு இல்லாவிட்டாலும் ஒவ்வாமை வரும்.

மலிவு பீட்சாக்களில் வரும் "அனலாக்" சீஸில் பாமாயிலோடு கேசீனும் கலந்திருக்கும். அது பால் சீஸும் அல்ல, வீகனும் (விலங்குப் பொருள் எதுவும் சேராதது) அல்ல. பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்கிறது. வீகன் உணவுக்கென 2022இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதிகளில் தனி முத்திரை வந்திருக்கிறது. அதையும், பொருள் பட்டியலில் கேசீனேட், வே, பால் திடப்பொருள் என்று ஏதும் இல்லையா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.