வெண்டிலேட்டர் நோயாளிக்கு மானிட்டரிலேயே ஆக்சிஜன் நுகர்வு பார்ப்பது: ஐந்து வருடம் பழகியதில்

எங்கள் ஐசியுவில் பேஷன்ட் மானிட்டரில் செருகும் கேஸ் மாட்யூல் ஒன்றை ஐந்து வருடமாகக் கையாண்டு வருகிறேன். நோயாளி நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறார், எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு விடுகிறார் என்று மூச்சுக்கு மூச்சு அளந்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தையும் (ஆர்க்யூ என்போம்) ஒரு நாளைய கலோரிச் செலவையும் திரையில் போடும் வகை. இதற்கென்று தனிப் பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து அரை மணி நேரம் அளந்து எடுத்துப்போகும் வேலை மிச்சம். ஆனால் எந்த நேரத்திலும் ஏதோ ஒரு எண் திரையில் இருந்துகொண்டே இருக்கும், தொல்லையே அதுதான்.

நோயாளியின் மூச்சுக் குழாய்க்குள் போட்ட குழாய்க்கும், வெண்டிலேட்டரின் இரண்டு குழாய்களும் சேரும் ஒய்-பீஸுக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சென்சார் மாட்ட வேண்டும். அதிலிருந்து மூன்று மெல்லிய குழாய்கள் மாட்யூலுக்குப் போகும். இரண்டு, அழுத்த வித்தியாசத்தை வைத்து காற்றோட்டத்தை அளக்க. மூன்றாவது, நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி காற்றை உறிஞ்ச. ஆக்சிஜனைக் காந்தம் இழுக்கும் என்ற குணத்தை வைத்து அதையும், அகச்சிவப்புக் கதிரை வைத்து கார்பன் டை ஆக்சைடையும் அளக்கிறது.

ஒரு நாள் ராத்திரி, மயக்கத்தில் அசையாமல் கிடந்தவருக்கு ஆக்சிஜன் நுகர்வு நிமிடத்துக்கு 240 மில்லியிலிருந்து 400-ஐத் தாண்டிவிட்டது. காய்ச்சலா, நடுக்கமா, வலிப்பா என்று எல்லாரும் கூடிவிட்டோம். தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று இருக்கிறது. கடைசியில் பார்த்தால் அழுத்தக் குழாய் ஒன்றின் வாயில் கடுகளவு தண்ணீர்ச் சொட்டு! அன்றிலிருந்து சென்சாரின் குழாய்கள் மேல்நோக்கி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன், அப்புறம்தான் திரையை. காற்றை ஈரப்படுத்தும் சூடான ஹியூமிடிஃபையர் ஓடும் படுக்கையில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. ஹியூமிடிஃபையர் இல்லாத படுக்கையில் ஃபில்டரை நோயாளி பக்கம் போட்டு, சென்சாரை அதற்கு அப்பால் மாட்டினால் கொஞ்சம் அடங்கும்.

அடுத்தது, நோயாளிக்குக் கொடுக்கும் காற்றில் உள்ள ஆக்சிஜன் சதவீதம். உள்ளே போகும் காற்றின் கன அளவுக்கும் வெளியே வருவதற்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது, நேரடியாக அளந்து கழித்தால் நிற்காது. அதனால் நைட்ரஜனை உடம்பு எடுப்பதும் இல்லை, தருவதும் இல்லை என்று வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிடுகிறார்கள். 40 சதவீத ஆக்சிஜனில் 60 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது, கணக்கு நிற்கும். 80 சதவீதத்தில் மிச்சம் 20தான், அளவீட்டில் துளி பிசகினாலும் விடையில் அது பெரிதாகிவிடும். 100 சதவீதத்தில் வகுக்கப் பூஜ்யம்தான் இருக்கிறது. 60-க்கு மேல் போனால் நான் அந்த எண்ணைக் குறித்துக்கொள்வதே இல்லை. எங்கள் மாட்யூல் 70-லும் கூச்சப்படாமல் காட்டிக்கொண்டிருக்கும், அது வேறு கதை.

கசிவைக் கண்டுபிடிக்க ஆர்க்யூ உதவும் என்று நினைத்து ஏமாந்திருக்கிறேன். குழாயைச் சுற்றி ஊதி அடைக்கும் கஃப் பக்கத்தில் கசிந்தால் இரண்டு வாயுவும் சேர்ந்தே குறைகின்றன, விகிதம் 0.8 என்று சாதுவாக நிற்கிறது. உள்ளே போன கன அளவையும் திரும்பி வந்ததையும் ஒப்பிட்டால்தான் அகப்படும். மார்பில் டியூப் போட்டுக் குமிழி வந்துகொண்டிருந்தால் முயற்சி செய்யவே வேண்டாம்.

மூச்சு எண்ணிக்கையை மாற்றிய உடனே அளப்பதும் அப்படித்தான். உடம்பில் கார்பன் டை ஆக்சைடு ஏராளமாகத் தேங்கிக் கிடக்கிறது. எண்ணிக்கையைக் கூட்டினால் அந்தத் தேக்கம் கழுவிக்கொண்டு வெளியே வரும், ஆர்க்யூ 1-ஐத் தாண்டும். உணவு அதிகமானாலும் ஆர்க்யூ இப்படி ஏறும் என்பதால், ஒரு தடவை அதைப் பார்த்து உணவு அதிகமாகிவிட்டது என்று ஃபீடைக் குறைத்தோம். இரண்டு மணி நேரத்தில் எண் தானாகவே இறங்கிவிட்டது. டயாலிசிஸ் ஓடும்போதும் நம்ப முடியாது, கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் அந்த வழியாகவே போய்விடும்.

இவ்வளவு புலம்பினாலும் மாட்யூலைத் திருப்பித் தரச் சொன்னால் தரமாட்டேன். 80 கிலோ எடையுள்ள ஒருவருக்கு கிலோவுக்கு 25 என்ற வழக்கமான கணக்கில் 2000 கலோரி போய்க்கொண்டிருந்தது. 30 நிமிடம் யாரும் தொடாமல், சளியை உறிஞ்சும் சக்‌ஷன் போடாமல் விட்டு அளந்தால் ஆக்சிஜன் 220 மில்லி, கார்பன் டை ஆக்சைடு 180. இந்த இரண்டு எண்களிலிருந்து ஒரு நாளைய கலோரியைக் கணக்கிடும் வெயர் சூத்திரத்தில் 1535 கலோரிதான் வருகிறது. மறுநாளும் ஏறக்குறைய அதேதான். மயக்க மருந்தை நிறுத்தி, காய்ச்சலும் வந்தபோது எண் ஏறியது, அப்போது ஃபீடையும் ஏற்றினோம்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை கேஸ் காலிப்ரேஷன், உறிஞ்சும் காற்றின் ஈரத்தைப் பிடிக்கும் தண்ணீர்ப் பொறியை அடிக்கடி மாற்றுவது, இதெல்லாம் பழகிவிடும். சார்ட்டில் கலோரி எண்ணை எழுதும்போது பக்கத்திலேயே ஆக்சிஜன் சதவீதத்தையும், கடைசியாக வெண்டிலேட்டரைத் தொட்ட நேரத்தையும் எழுதிவிடுங்கள். காலையில் வருபவர் உங்களுக்கு போன் போட்டு எழுப்பமாட்டார்.