ஓடும் காணொளியை மட்டும் நம்பிப் பயன்படுத்திய மாதிரி ரயில் இன்ஜின் வாங்காதீர்கள்

என் வீட்டு லேஅவுட்டில், அதாவது மாதிரி ரயில்களுக்கான சிறு தண்டவாள அமைப்பில் ஓட்டுவதற்காக, பயன்படுத்திய எச்.ஓ. (அசலில் 87-இல் ஒரு பங்கு) அளவு நீராவி இன்ஜின் ஒன்றைத் தனிநபர் ஒருவரிடமிருந்து இணையம் வழியாக அண்மையில் வாங்கினேன். 2-8-0 சக்கர அமைப்பு (முன்னால் இரண்டு சிறு சக்கரங்கள், இயக்கும் சக்கரங்கள் எட்டு), டி.சி.சி. டிகோடர் (தண்டவாளம் வழியாக வரும் டிஜிட்டல் கட்டளைகளை ஏற்று மோட்டாரை இயக்கும் சிறு மின்னணுப் பலகை) பொருத்தப்பட்டது, மிகக் குறைவாகவே ஓடியது, மூலப் பெட்டியும் உண்டு என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார். அதனுடன் 40 நொடிக் காணொளி ஒன்றும் இருந்தது. பணம் செலுத்தலாம் என்று நான் முடிவெடுத்தது அதைப் பார்த்துத்தான். அந்த இன்ஜினில் டிகோடரே இல்லை என்பதும், அடிச்சட்டம் சீர்செய்யவே முடியாத அளவுக்குக் கெட்டிருந்தது என்பதும், விற்றவர் இரண்டையும் அறிந்தே மறைத்தார் என்பதும் பொருள் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வேறொருவர் இதே வகையில் ஏமாறக் கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

புதிதாக வரும் எந்த இன்ஜினையும் நான் முதலில் டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் தனித் தண்டவாளமான புரோகிராமிங் டிராக்கில் வைத்து, டிகோடரின் எட்டாவது சி.வி. (அதில் சேமித்த அமைப்புகளில் ஒன்று) மதிப்பைப் படித்துப் பார்ப்பது வழக்கம். டிகோடரைத் தயாரித்த நிறுவனத்தின் எண் அதில்தான் பதிவாகியிருக்கும். இந்த இன்ஜினிலிருந்து எந்தப் பதிலும் வரவில்லை. சக்கரங்களில் அழுக்குப் படிந்திருக்கலாம் என்று எண்ணித் துடைத்துவிட்டு, முதன்மைத் தண்டவாளத்தில் வைத்தேன். அது நகராமல், உள்ளே மோட்டார் மட்டும் ஒரே சுருதியில் ரீங்கரித்தது. டி.சி.சி. மின்னோட்டம் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறுவது. டிகோடர் இல்லாத மோட்டாரை அதன் மேல் விட்டால் அது சுழல முடியாமல் அதிர்ந்து சூடேறும், சற்று நேரம் விட்டுவைத்தால் கருகியும் போகும். அந்த ஒலியைக் கேட்டவுடனே இன்ஜினைத் தூக்கிவிட்டதால் மோட்டார் தப்பியது.

மேல்கூட்டைக் கழற்றியபோது, எட்டு முனைச் சாக்கெட்டில் டிகோடருக்குப் பதிலாக பிளாங்கிங் பிளக் எனப்படும் வெற்றுச் செருகி செருகப்பட்டிருந்தது. மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் சாதாரண டி.சி. (நேர்மின்னோட்ட) கன்ட்ரோலரில் ஓட்டுவதற்காக உற்பத்தியாளர்களே கொடுக்கும் சிறு துண்டு அது. அப்படியானால் காணொளியில் ஓடியது எப்படி என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். விடை அதிலேயே இருந்தது: இன்ஜின் வேகம் எடுக்கும்போது முகப்பு விளக்கு மெல்லப் பிரகாசமடைகிறது, வேகம் குறையும்போது மங்குகிறது, நிற்கும்போது அணைந்துவிடுகிறது. டி.சி.சி. தண்டவாளத்தில் மின்னழுத்தம் எப்போதும் முழுமையாக இருப்பதால், டிகோடர் உள்ள இன்ஜின் நின்றுகொண்டிருந்தாலும் விளக்கு ஒரே அளவில் எரியும். வாங்குவதற்கு முன் நான் கவனித்திருக்க வேண்டியது அது.

டிகோடர் இல்லாதது மட்டுமே குறையென்றால் ஒன்றை வாங்கிப் பொருத்தியிருப்பேன். பெரிய கேடு அடியில் இருந்தது. தட்டையான கண்ணாடி மீது இன்ஜினை வைத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே மெல்லிய காகிதத் துண்டை நுழைத்துப் பார்த்தேன். நடுவிலுள்ள இரண்டு அச்சுகளின் கீழும் காகிதம் தடையின்றிப் போய் வந்தது. அதாவது அந்தச் சக்கரங்கள் தரையையே தொடவில்லை. அடித்தகட்டைக் கழற்றியதும் காரணம் விளங்கியது. சட்டம் வாழைக்காய் போல வளைந்திருந்தது. ஓரங்களில் மயிரிழை வெடிப்புகள் ஓடின. முன்முனையை நகத்தால் அழுத்தியபோது சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு உதிர்ந்தது. முதல் அச்சுக்கும் நான்காவது அச்சுக்கும் இடையே இருக்க வேண்டிய தொலைவைவிட 0.4 மில்லிமீட்டர் கூடுதலாக வெர்னியர் அளவுகோல் காட்டியது.

துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்களுக்கு வரும் இந்தக் கேட்டை ஜிங்க் பெஸ்ட் என்பார்கள். வார்க்கும்போது ஈயம் போன்ற உலோகங்கள் சிறிதளவு கலந்துவிட்டால், பல ஆண்டுகள் கழித்து உலோகத்தின் நுண்ணிய படிக மணிகளுக்கிடையே அரிப்பு பரவி, பாகம் உப்பி, நீண்டு, வெடித்து, கடைசியில் நொறுங்கும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். பக்கத்து இன்ஜினுக்குத் தொற்றும் என்று சிலர் அஞ்சுவது தேவையற்றது. ஆனால் வந்த பாகத்துக்கு மருந்து கிடையாது. பசையோ வண்ணமோ அதை நிறுத்தாது.

விற்றவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தண்டுகளைக் கழற்றியபோது அந்த எண்ணம் போய்விட்டது. வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் நீள்வட்டமாக அராவப்பட்டிருந்தன. அராவிய இடத்தில் உலோகம் புதிதாகப் பளபளத்தது. சட்டம் நீண்டதால் தண்டுகள் இறுகிச் சக்கரங்கள் சிக்கியிருக்கின்றன. அவை ஓரளவு சுழல்வதற்காகத் துளைகளைப் பெரிதாக்கி, நேரான தண்டவாளத்தில் ஒரே திசையில் வேகமாக ஓடவிட்டுப் படமெடுத்து, கடகடவென்ற சத்தம் கேட்காதபடி மேலே இசையையும் சேர்த்திருக்கிறார். எனக்கு மிகுந்த வேதனை தந்தது இதுதான், ஏனென்றால் இவ்வளவு நுட்பமாக அராவத் தெரிந்தவர் இந்தக் கலையை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

படங்களோடு அவருக்கு எழுதினேன். ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பினேன், பழைய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று பதில் வந்தது. அராவிய துளைகளைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. அடுத்த நாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பணத்தை இடைத்தரகுத் தளத்தின் வழியாகச் செலுத்தாமல் அவர் கணக்குக்கே நேரடியாக அனுப்பியதால், அந்தத் தளத்திடம் முறையிடவும் எனக்கு வழி இருக்கவில்லை.

பயன்படுத்திய இன்ஜின் வாங்க நினைப்பவர்கள், விற்பவர் தாமாக எடுத்த காணொளியை ஏற்காமல், நீங்கள் கேட்கிறபடி ஒன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். நின்ற நிலையிலிருந்து மிக மெதுவாகப் புறப்பட வேண்டும். முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஒரு வளைவையும், தடம் மாற்றும் பாயிண்ட் ஒன்றையும் கடக்க வேண்டும். இயல்பான சத்தம் கேட்க வேண்டும். டிகோடர் இருப்பதாகச் சொன்னால், எட்டாவது சி.வி.யைப் படித்துக் கன்ட்ரோலர் திரை காட்டும் எண்ணையும், நிற்கும்போது எரியும் விளக்கையும் ஒரே காட்சியில் காட்டச் சொல்லுங்கள். அடித்தகட்டைக் கழற்றிச் சட்டத்தையும் தண்டுகளின் துளைகளையும் அருகிலிருந்து எடுத்த படம் கட்டாயம் வேண்டும். உண்மையான பொருளை வைத்திருப்பவருக்கு இதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. தட்டிக்கழிப்பவரிடம் வாங்காமல் விட்டுவிடுங்கள்.

மோட்டாரையும், இன்ஜினின் பின்னால் இணையும் நிலக்கரி வண்டியான டெண்டரையும் உதிரிபாகங்களாக எடுத்து வைத்திருக்கிறேன். அந்த மாதிரிக்கு மாற்றுச் சட்டம் எங்கும் கிடைக்கவில்லை. நேற்று அதே நபர், டிகோடர் பொருத்தப்பட்டது என்ற அதே வாசகத்தோடு இன்னோர் இன்ஜினை விளம்பரப்படுத்தியிருக்கிறார். அந்தக் காணொளியிலும் பின்னணியில் இசை ஒலிக்கிறது, வேகம் குறையும்போது முகப்பு விளக்கு மங்குகிறது.