அந்தமான் போறீங்களா? எங்க 64,500 ரூபாய் போன கதையைப் படிச்சிட்டு அட்வான்ஸ் கட்டுங்க

அந்தமான் டூர் பேக்கேஜ் என்று சொல்லி எங்களிடம் 64,500 ரூபாய் வாங்கிய ஆள் இப்போது போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டான். ஆனால் அவனுடைய பக்கத்தில் நேற்றுகூட புது ரீல் போட்டிருக்கிறான், ராதாநகர் பீச்சில் சூரியன் இறங்குகிற காட்சி, கீழே "மே மாத ஸ்பெஷல் ஆஃபர்". அதைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். பக்கத்தின் பெயரை இப்போதைக்குப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். அடையாளம் மட்டும் சொல்கிறேன்: ரீல்ஸ் போட்டு ஆள் பிடிக்கிற சின்ன டூர் ஏஜென்சி, தமிழில் பேசுவார்கள், போர்ட் பிளேரில் ஆபீஸ் என்பார்கள். எப்படி ஏமாறாமல் இருப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர். நான், மனைவி, ஏழாவது படிக்கிற மகள், அறுபதைத் தாண்டிய அம்மா. மகளுக்குப் பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசி வாரம்தான் தோது. ஏப்ரல் கடைசியில் அந்தமான் சரிப்படுமா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. கேட்டேன்.

அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நம்பிக்கை வந்தது அங்கேதான். "அண்ணே, வெயில் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா கடல் குளம் மாதிரி இருக்கும். மே நடுவுல மழை பிடிச்சிடும், இந்தியாவுலயே முதல்ல பருவமழை எங்க ஊருக்குத்தான் வரும். அதுக்கு முன்னாடி வந்துட்டுப் போயிடுங்க. இங்க சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் சூரியன் இறங்கிடும், நம்ம ஊர் கணக்குல ஆறரைக்கு பீச்சுக்குப் போனா இருட்டைத்தான் பாக்கணும்." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. போய்ப் பார்த்தபோது அத்தனையும் உண்மை.

அம்மாவுக்கு முட்டி வலி என்றேன். "அப்ப எலிஃபன்ட் பீச்சுக்குக் காட்டு வழியா நடக்க வேணாம்ணே, ஹேவ்லாக் தீவு ஜெட்டியில (படகுத்துறை) இருந்து ஸ்பீட் போட் போட்டுடறேன்" என்றான். நீல் தீவில் அந்தப் பாறைப் பாலத்தைப் பார்க்க ஆசை என்றாள் மகள். கடல் வற்றுகிற நேரம் பார்த்துத்தான் அங்கே போக வேண்டும், நான் நேரம் பார்த்து வைக்கிறேன் என்றான். ராத்திரி கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் போனால் துடுப்பு பட்ட இடத்தில் தண்ணீர் நீலமாக மின்னுமாமே என்று மனைவி கேட்டதற்கு, "அக்கா, நிலா வெளிச்சத்துல அது தெரியாது, அமாவாசையை ஒட்டி வாங்க" என்று சொல்லி, நாங்கள் முதலில் கேட்ட தேதியை அவனே தள்ளிப் போட்டான். ஏமாற்றுகிறவன் எந்த ஊரில் அமாவாசை பார்த்துத் தேதி குறித்துக் கொடுப்பான்?

முதலில் 30,000 கட்டினோம். பணம் போன கணக்கு ஒரு பெண் பெயரில் இருந்தது. கேட்டதற்கு "நம்ம ஆபீஸ் அக்கவுண்டன்ட் அக்காண்ணே" என்றான். பில் வந்தது, ஜிஎஸ்டி எண்ணோடு. ஒரு வாரம் கழித்து, ஸ்கூல் லீவு கூட்டத்தில் படகு சீட்டும் ஹேவ்லாக் காட்டேஜும் தீர்ந்துகொண்டே வருகிறது, முழுப்பணம் கட்டினால்தான் நிற்கும் என்றான். மேலும் 34,500. மொத்தம் 64,500 ரூபாய். அன்று சாயங்காலமே படகு டிக்கெட் பிடிஎஃப்பாக வந்துவிட்டது. நான்கு பேர் பெயர், வயது, சீட் நம்பர் எல்லாம் சுத்தமாக இருந்தது.

விமான நிலையத்தில் கார் வந்தது. கழுத்தில் சோழி மாலை போட்டார்கள். போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜய புரம், ஆனால் அங்கே ஆட்டோக்காரர் முதல் எல்லோரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்) முதல் ராத்திரிக்கு ஒரு அறை, நிஜமாகவே புக் ஆகியிருந்தது. சாயங்காலம் செல்லுலர் ஜெயில் ஒளி ஒலிக் காட்சிக்கும் அதே காரில் போய் வந்தோம். 64,500 ரூபாய்க்கு எங்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். இதைக்கூட அவன் எதற்குச் செய்தான் என்பது அப்புறம்தான் புரிந்தது. முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தால் நாம் அவனுக்கு "சூப்பர் ப்ரோ" என்று மெசேஜ் போடுவோம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுத்த ஆளுக்குக் காட்டலாம். நாங்களும் போட்டோம்.

மறுநாள் விடியற்காலை ஹாடோ ஜெட்டி. ஹேவ்லாக் போகிற தனியார் படகுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. வரிசையில் நின்று, பெட்டிகளை ஸ்கேனரில் போட்டுவிட்டு கவுண்டருக்குப் போனால், அந்தப் பெண் டிக்கெட்டைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், மறுபடியும் டிக்கெட்டைப் பார்த்தார். அப்புறம் என் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினார். படகின் பெயரும் நேரமும் ஒரு எழுத்துருவில், எங்கள் நான்கு பேர் பெயரும் வேறொரு எழுத்துருவில். மகள் பெயருக்குப் பின்னால் வெள்ளைப் பட்டை ஒன்று லேசாகத் தெரிந்தது, அடியில் யாருடைய பெயரோ அழிந்த மாதிரி. அந்த பி.என்.ஆர். போன மாதமே பயணம் செய்துவிட்ட வேறொரு குடும்பத்துடையது. "சார், இந்த வாரத்துல இதே மாதிரி பாத்திருக்கோம்" என்றார். படகில் சீட்டும் இல்லை. நாங்கள் ஓரமாக நிற்க, படகு கிளம்பிப் போனது.

அங்கிருந்தே போன் போட்டேன். உடனே எடுத்தான், அதுதான் ஆச்சரியம். "சர்வர் பிரச்சினைண்ணே, இங்க நெட்வொர்க் எப்படின்னு உங்களுக்கே தெரியும், பத்து நிமிஷத்துல புது டிக்கெட் அனுப்பறேன்." நெட்வொர்க் சரியில்லாததும் உண்மைதான்! 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகும் அன்று ஜெட்டியில் என் போனில் ஒரு பக்கம் திறக்க ஒரு யுகம் ஆனது. அவன் பிழைப்பே இதுதான். தீவில் உண்மையாகவே இருக்கிற ஒவ்வொரு கஷ்டத்தையும் எடுத்துத் தன் பொய்க்குப் போர்வை ஆக்கிவிடுவான்.

பத்து நிமிஷம் மதியம் வரை நீண்டது. ஆட்டோ பிடித்து ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போய், வெயிலில் வரிசையில் நின்று, அரசுக் கப்பலில் மறுநாளைக்கு இடம் வாங்கினேன். அம்மா ஒரு தூண் ஓரமாகப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். ஏப்ரல் கடைசி அந்தமான் வெயில் என்பது சூடு மட்டும் இல்லை, புழுக்கம். சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், காற்று அசையாது.

இதற்குள் ஹேவ்லாக் காட்டேஜுக்கு நானே போன் போட்டுப் பார்த்தேன். "உங்க பேர்ல விசாரிச்சாங்க சார், பணம் கட்டலை, அதனால விட்டுட்டோம்." அதை அவனிடம் சொன்னால் அடுத்த கதை: "அண்ணே, தீவுல தண்ணிப் பஞ்சம், அந்தக் காட்டேஜை மூடிட்டாங்க. வேற இடம் பாத்துட்டு இருக்கேன்." தண்ணீர்க் கஷ்டமும் பொய் இல்லை. கோடைக் கடைசியில் தனிக்காரி அணையில் நீர்மட்டம் இறங்கிவிடும், போர்ட் பிளேரில் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். எங்கள் லாட்ஜிலேயே லாரித் தண்ணீர்தான் இறக்கினார்கள், "பாத்து செலவு பண்ணுங்க" என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் அந்தக் காட்டேஜ் மூடவில்லை. மறுநாள் நாங்கள் அதன் வாசலைத் தாண்டித்தான் போனோம், உள்ளே வெளியே எல்லாம் ஆள் நடமாட்டம்.

ஸ்நார்க்கெலிங் (மூச்சுக் குழாய் மாட்டிக்கொண்டு கடலில் மிதந்து பவளம் பார்ப்பது) என்ன ஆச்சு என்று மனைவி கேட்டதற்கு வந்த பதிலைக் கேளுங்கள். கடல் சூடாகிப் பவளம் வெளுத்துவிட்டதாம், அதனால் அரசாங்கமே நிறுத்திவிட்டதாம். 2010 கோடையில் அந்தமானில் பவளம் பெரிய அளவில் வெளுத்தது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதைக்கூட இந்த ஆள் விட்டுவைக்கவில்லை. நாங்கள் ஹேவ்லாக் ஜெட்டியில் இறங்கும்போது எலிஃபன்ட் பீச்சுக்கு ஸ்பீட் போட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, லைஃப் ஜாக்கெட் போட்ட பிள்ளைகளோடு.

பாக்கி நாட்களைக் கைக்காசில்தான் ஓட்டினோம். நீல் தீவை விட்டுவிட்டோம். ராதாநகர் போனோம், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மணலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு அழகு என்ன தெரியும்? கயாக் கேட்டுப் பார்த்தேன், தலைக்கு அவ்வளவு கொடுக்கக் கையில் மிச்சம் இல்லை.

ஊர் திரும்புகிற அன்று, அவன் பில்லில் போட்டிருந்த முகவரியைத் தேடிப் போனேன். முருகன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்து என்று சொல்லியிருந்தான். நம்ம ஊர்க்காரன் காதில் முருகன் கோயில் என்று விழுந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அங்கே இருந்தது மொபைல் ரீசார்ஜ் கடை. கடைக்காரர் தமிழர், பரமக்குடிப் பக்கம், தாத்தா காலத்திலேயே வந்த குடும்பம். நான் வாயைத் திறக்கும் முன்பே "டூர் ஆபீஸா?" என்று கேட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டார்.

பணத்தைக் கேட்டு விடாமல் மெசேஜ் போட்டதில் கடைசியாக ஒரு பதில் வந்தது: "ரீஃபண்ட் பாலிசி இல்லை சார். 64,500க்கு கிரெடிட் நோட் தர்றேன், ஜூன்ல வாங்க." அண்ணன் சார் ஆகிவிட்டேன், கவனியுங்கள். ஜூனில் மழையும் காற்றும் அடித்துப் படகு நிற்கிற நாட்கள் எத்தனை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இவன்தான். அதன் பிறகுதான் பிளாக்.

பக்கத்தைப் பற்றி அந்தச் சமூக ஊடகத்துக்குப் புகார் அனுப்பினால், "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று தானாக ஒரு பதில் வருகிறது. பேங்கில் "நீங்களே பின் போட்டு அனுப்பின பணம் சார்" என்றார்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து பதிந்துவிட்டேன், எண் கொடுத்திருக்கிறார்கள். கணக்கில் பணம் மிச்சம் இருந்தால் முடக்குவார்களாம். வாங்கிய அன்றே எடுத்திருப்பான்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், எழுத எழுத ரத்தம் கொதிக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். படகு டிக்கெட்டை நீங்களே படகுக் கம்பெனியின் தளத்தில் போடுங்கள். ஏஜென்ட் போட்டுத் தந்தால் பி.என்.ஆரைக் கம்பெனிக்கே போன் செய்து பெயரோடு சரிபாருங்கள். தங்குமிடத்துக்கும் அப்படியே, "பணம் வந்துவிட்டதா" என்று கேளுங்கள், "புக் ஆகிவிட்டதா" என்று கேட்டால் போதாது. பணம் தனி ஆள் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது என்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள், அந்தமானில் பதிந்த எண் 35 என்று தொடங்கும். போர்ட் பிளேர் முகவரி போட்ட எங்கள் பில்லில் இருந்தது 33. தேடினால் ஏதோ ஒரு ஹார்டுவேர் கடை வருகிறது. பணம் போனது தெரிந்த உடனே 1930, மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

அமாவாசைக் கதை, அம்மாவின் முட்டிக்கு ஸ்பீட் போட், முருகன் கோயில் சந்து, இந்த மூன்றையும் யாராவது உங்களிடம் போனில் சொல்லியிருந்தால் அதே ஆள்தான். பணம் கட்டாதவர்கள் கட்டாதீர்கள். கட்டிவிட்டவர்கள் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், புகார் எண் தருகிறேன். உங்கள் புகாரில் அதையும் குறிப்பிடுங்கள், ஒரே கணக்கின் மேல் நாலு புகார் விழுந்தாலாவது யாராவது எடுத்துப் பார்ப்பார்கள்.