ஏர்பேக் லைட்டை அணைத்துக் காட்டிக் காசு பறிக்கிறார்கள், கவனம்

ஜப்பானில் இருந்து வந்த பழைய விட்ஸ், அக்வா, வேகன் ஆர் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ஏர்பேக் லைட் எரிகிறது என்று என் விட்ஸைத் தெஹிவளைப் பக்கம் ஒரு ஸ்கேனிங் இடத்துக்குக் கொண்டுபோனேன். டெப்லட் மாதிரி ஒரு ஸ்கேனரைச் செருகி பி1801 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டினார்கள், அதாவது சாரதி பக்க ஏர்பேக் சேர்கிட் எங்கேயோ அறுந்திருக்கிறது. ஸ்டியரிங்குக்குள் சுருண்டு கிடக்கும் ஸ்பைரல் கேபிள் போய்விட்டது, புதிது போடவேண்டும் என்றார்கள். ஹோர்னும் சில நேரம் அடிக்காமல் இருந்தது, அதுவும் அந்தக் கேபிள் வழியாகத்தான் போகிறது, அதனால் சொன்னது சரியாகவே பட்டது. என்னை ஏசி அறையில் உட்காரவைத்து வேலையை முடித்து, அணைந்த லைட்டைக் காட்டி, புதுக் கேபிளுக்கும் கூலிக்குமாகப் பெரிய பில் ஒன்றை நீட்டினார்கள்.

ஹோர்ன் மட்டும் பழையபடிதான். ஸ்டியரிங் நேராக இருந்தால் அடிக்கும், வளைத்தால் சத்தமே இல்லை.

கொட்டாஞ்சேனையில் தெரிந்த வயரிங் பாஸ் ஒருவரிடம் காட்டினேன். அவர் முதலில் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார். டொயோட்டாவில் குறைந்தது 90 விநாடி விடவேண்டும், பற்றரி இல்லாவிட்டாலும் ஏர்பேக் கம்பியூட்டருக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும், அதற்குள் கைவைத்தால் முகத்தில் வெடிக்கும் என்றார். பிறகு ஸ்டியரிங் கீழ்க் கவரைத் திறந்து, மஞ்சள் கனெக்டரில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பை உரித்தார். உள்ளே சிவப்பு, கறுப்பு, அப்புறம் இரண்டு பொன் கோடு போட்ட 2 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்று, நகத்தளவுகூட இல்லை. "அண்ணே, உங்கட ஏர்பேக் இதுதான்" என்றார்.

சங்கதி இதுதான். நல்ல ஏர்பேக்கின் சேர்கிட்டிலும் ஏறத்தாழ 2 ஓம்தான் இருக்கும். அந்த இடத்தில் ரெசிஸ்டரைச் செருகினால் கம்பியூட்டர் ஏமாந்து லைட்டை அணைத்துவிடும். வெறுமனே பிழைக் குறியீட்டைக் கிளியர் பண்ணினால் பிழை உள்ளே இருக்கும்வரை லைட் திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும், அதனால்தான் இந்தத் தில்லுமுல்லு. மோதினால் என் முன்னால் எதுவும் விரிந்திருக்காது. பழைய கேபிளும் கழற்றப்படாமல் அப்படியே இருந்தது. இதற்கு என்ன பெயர் வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

இனி யாரிடம் கொடுத்தாலும் ஸ்கேனர் ஏர்பேக் பகுதிக்குள் போகிறதா என்று முதலில் கேளுங்கள். போனோடு சேரும் மலிவான இஎல்எம் 327 ஸ்கேனர் அநேகமாக எஞ்சின் பிழைக் குறியீடுகளோடு நின்றுவிடும், அதை வைத்துக்கொண்டு "ஏர்பேக்கில் பிழை இல்லை" என்று சொன்னால் நம்பவேண்டாம். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ரிப்போர்ட்டையும், கழற்றிய பழைய சாமானையும் கையில் வாங்குங்கள். ஆனால் ரிப்போர்ட்டை மட்டும் நம்பியும் பயனில்லை, ரெசிஸ்டர் போட்டாலும் அது சுத்தமாகத்தான் வரும், ஆகவே வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். சாதாரண மல்ட்டிமீட்டரை நேராக ஏர்பேக்கில் வைக்கப் போனால் உடனே நிறுத்துங்கள், மீட்டர் அனுப்பும் மின்னோட்டமே அதை வெடிக்கவைக்கக்கூடும். கழற்றிய ஏர்பேக்கை முகப்பு மேலே பார்க்க வைக்கவேண்டும், கவிழ்த்து வைப்பவருக்கு வேலை தெரியாது. சாவியை ஓன் பண்ணியதும் லைட் எரிந்து, ஏறத்தாழ 6 விநாடியில் அணையவேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது டேப் ஒட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று, பாஸ் சொல்லித்தான் செஸி நம்பரைப் போட்டு டகாட்டா கம்பனியின் பழுதான ஏர்பேக்குகளை மாற்றித்தர அழைக்கும் ரீகோல் இருக்கிறதா என்றும் பார்த்தேன். அந்த ஏர்பேக்கை ஊதவைக்கும் இன்ஃபிளேட்டரில் இருக்கும் அமோனியம் நைட்ரேட் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் கெட்டுப்போய், வெடிக்கும்போது இரும்புத் துண்டுகளைப் பறக்கவிடும். கொழும்பு வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. என்னுடையதில் ஒன்றும் இல்லை, உங்களுடையதையும் பாருங்கள்.

அந்த இடத்துக்குப் போன் பண்ணினால் "லைட் அணைந்ததுதானே" என்று வைத்துவிட்டார்கள். பில்லையும் ரெசிஸ்டரையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் அவர்களுடைய 1977க்கு அழையுங்கள்.