ஹவாய் பார்க் ரிசர்வேஷன்: எங்க நிஜமாவே கூட்டம் குறையுது, எங்க குறையல

ஹவாய் போறவங்க ஃப்ளைட், ஹோட்டல், வாடகை கார்னு எல்லாத்தையும் அலசி ஆராய்ஞ்சுட்டு பார்க் ரிசர்வேஷனை மட்டும் அங்க போய் பாத்துக்கலாம்னு விட்டுடறாங்க, ஆனா என்னைக் கேட்டா மொதல்ல போட வேண்டியதே அதுதான், அந்த தேதியைச் சுத்திதான் மிச்ச பிளானே போடணும். நாங்க ஓவாஹு, மாவி, கவாய்னு மூணு தீவு சுத்தினோம், போன இடத்துல எது எப்படி இருந்துச்சுன்னு எழுதறேன்.

இருக்கறதுலயே பெஸ்ட் கவாய் தீவோட வடக்கு முனைல இருக்கற ஹாயேனா ஸ்டேட் பார்க். நா பாலி மலைக்கரைக்குப் போற கலாலாவ் ட்ரெயில்ங்கற நடைபாதை இங்கதான் ஆரம்பிக்குது, கேயே பீச்சும் இங்கதான். முன்னாடி எல்லாம் ரோட்டோரம் முழுக்க கார், ஒருத்தர் கிளம்பற வரைக்கும் பந்தில சாப்பிடறவங்க நாற்காலிக்குப் பின்னாடி நிக்கற மாதிரி அடுத்தவங்க வண்டியோட காத்துட்டு நிப்பாங்களாம். 2018 ஏப்ரல்ல பக்கத்துல வைப்பாங்கற இடத்துல 24 மணி நேரத்துல 49.69 இன்ச் மழை கொட்டுச்சு, அமெரிக்காவுலயே அதுதான் ரெக்கார்டு, ரோடெல்லாம் போயி பார்க்கை ஒரு வருஷத்துக்கு மேல மூடிட்டாங்க. 2019 ஜூன்ல திறக்கும்போதுதான் வெளியூர்க்காரங்க ஒரு நாளைக்கு 900 பேர்தான்னு கணக்கு வெச்சாங்க. ஹவாய்க்காரங்களுக்கு ஐடி காட்டினா போதும், ரிசர்வேஷனும் வேண்டாம் காசும் வேண்டாம். அது ரொம்ப நியாயம்னுதான் எனக்குத் தோணுது, அவங்க ஊரு, அவங்க கடல், நாம போயி அவங்களுக்கே இடம் இல்லாம பண்ணக்கூடாது.

30 நாள் முன்னாடி புக்கிங் திறக்கும். ஆளுக்கு 5 டாலர், கார் பார்க்கிங் 10 டாலர். பார்க்கிங்தான் மொதல்ல தீரும், அதுவும் காலைல ஒரு ஸ்லாட் மதியம் ஒரு ஸ்லாட்னு துண்டு துண்டா இருக்கறதால நடக்கப் போறவங்களுக்கு ஒரு ஸ்லாட் பத்தாது. அதனால பார்க்குக்குக் கூட்டிட்டுப் போற ஷட்டில் பஸ்லயே போயிடுங்க, காசு கூட ஆகும்தான், ஆனா அந்த டிக்கெட்லயே என்ட்ரியும் வந்துடும், மணியைப் பாத்துட்டே நடக்க வேண்டாம். ட்ரெயில்ல ஒரு வளைவு திரும்பினா முன்னாடி பின்னாடி யாருமே இல்ல, கீழ கடல் சத்தம் மட்டும்தான், இதுக்காக எவ்வளவு கஷ்டப்பட்டு புக் பண்ணாலும் தகும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், ஆள் கம்மியா இருக்கறதால இடம் சாதுன்னு நினைச்சுடாதீங்க. ரெண்டு மைல்ல வர்ற ஹனாகாபியாய் பீச்சுல கடல்ல இறங்கவே கூடாது, அங்க ஓடற ஓடையும் மேல மலைல மழை பெஞ்சா நிமிஷத்துல ஏறிடும், தண்ணி ஏறி இருந்தா தாண்டாம திரும்பிடுங்க. குளிர்காலத்துல அந்த வடக்குக் கரை முழுக்கவே அலை பெருசு.

அடுத்தது ஓவாஹுல ஹனௌமா பே. எரிமலை வாய்க்குள்ள கடல் புகுந்து உண்டான குடா, உள்ள பவளப்பாறை. திங்கள் செவ்வாய் லீவு. ரெண்டு நாள் முன்னாடி ஹவாய் டைம் காலைல 7 மணிக்கு புக்கிங் திறக்கும், நிமிஷக்கணக்குல முடிஞ்சுடும், அதனால பேர், கார்டு எல்லாம் ரெடியா வெச்சுட்டு உக்காருங்க. வெளியூர்க்காரங்களுக்கு 25 டாலர், 12 வயசு வரைக்கும் ஃப்ரீ. பார்க்கிங் இதுல சேராது, இடமும் உறுதி கிடையாது. உள்ள விடறதுக்கு முன்னாடி ஒரு வீடியோ போட்டு பவளத்து மேல கால் வைக்காதீங்கன்னு சொல்றாங்க, அதை எல்லாரும் பொறுமையா பாக்கணும், ஏன்னா பாறைன்னு நினைச்சு நாம மிதிக்கறது உயிருள்ளது. மொதல் ஸ்லாட்டே எடுங்க. மக்கள் இறங்க இறங்க மண்ணு கலங்கி தண்ணி மங்கிடும், காலைல கண்ணாடி மாதிரி தெரியறது மதியம் தெரியாது. புதன்கிழமை காலை கிடைச்சா இன்னும் நல்லது, ரெண்டு நாள் யாரும் இறங்காத தண்ணி. சன்ஸ்க்ரீன் மினரல் வகையா பாத்து வாங்குங்க, பவளத்தைக் கெடுக்கற ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் ரெண்டும் இருக்கறதை விக்கக்கூடாதுன்னு ஹவாய்ல 2021லேர்ந்து சட்டமே இருக்கு.

மாவில ஹாலேயாகலா எரிமலை உச்சிலேர்ந்து பாக்கற சூரிய உதயம். 10,023 அடி உயரம், விடிகாலை 3 மணிலேர்ந்து 7 மணிக்குள்ள உள்ள போகணும்னா 2017லேர்ந்து ரிசர்வேஷன் கட்டாயம், வண்டிக்கு 1 டாலர், அதுக்கு மேல பார்க் கட்டணம் 30 டாலர். 60 நாள் முன்னாடி ஹவாய் டைம் காலை 7 மணிக்குத் திறக்கும், இந்தியாலேர்ந்து புக் பண்றவங்களுக்கு அது ராத்திரி 10.30. கிடைக்கலைன்னா ரெண்டு நாள் முன்னாடி இன்னும் கொஞ்சம் விடுவாங்க, அப்ப பாருங்க. உதயத்தப்ப கம்பி ஓரத்துல கூட்டம் இருக்கத்தான் செய்யுது, அதை மறைக்க மாட்டேன். ஆனா சூரியன் மேல வந்ததும் குளிர் தாங்காம எல்லாரும் காருக்கு ஓடிடறாங்க. நீங்க நல்ல ஜாக்கெட்டோட போயி அப்படியே இருங்க, ஸ்லைடிங் சாண்ட்ஸ் ட்ரெயில்ல கொஞ்ச தூரம் கீழ இறங்குங்க, செவப்பும் சாம்பலுமா அந்த மண்ணுல வெள்ளி கலர்ல சில்வர்ஸ்வோர்ட்னு ஒரு செடி இருக்கும், உலகத்துலயே இந்த மலைல மட்டும் வளர்ற வகை, வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை பூத்துட்டு செத்துடும். ஏறி வரும்போது மூச்சு வாங்கும், அதுக்கேத்த தூரம் மட்டும் போங்க.

ஓவாஹுல இருக்கற டைமண்ட் ஹெட் மலைக்குத்தான் என்னால நல்ல மார்க் போட முடியல. 2022 மே மாசத்துலேர்ந்து ரிசர்வேஷன் வந்துச்சு, 5 டாலர்தான், புக் பண்றதும் சுலபம். ஆனா அது 1908ல ராணுவத்துக்காகப் போட்ட பாதை, ஏறவும் இறங்கவும் பெரும்பாலும் அது ஒண்ணேதான், சுரங்கத்துலயும் படிக்கட்டுலயும் ஒதுங்கக்கூட இடமில்ல, எத்தனை பேருன்னு கட்டுப்படுத்தினாலும் நெரிசல் நெரிசல்தான். சூரிய உதயம்னு எல்லாரும் 6 மணி ஸ்லாட்டுக்கு அடிச்சுக்கறாங்க, ஜூன்ல அங்க 6 மணிக்கு முன்னாடியே விடிஞ்சுடுது, கேட் திறக்கறதே 6 மணிக்குத்தான், அப்புறம் எங்க உதயம் பாக்கறது. ஜனவரில போனீங்கன்னா 7 மணிக்கு மேலதான் விடியும், அப்ப அந்த ஸ்லாட் சரி. மத்த மாசத்துல உங்ககிட்ட ஒரே ஒரு காலைதான் மிச்சம் இருக்குன்னா அதை ஹனௌமாவுக்குக் குடுத்துடுங்க.